கனமானதையே எடுத்தேன்

இன்று காலை புதுத் துப்பாக்கியைத் துடைக்க எடுத்தபோது அந்த எண்ணெய் வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உங்கள் கையில் அடிக்கும் அதே வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, உங்களோடு சண்டை போட உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். இரண்டு குழலும் பக்கம் பக்கமாக இருக்கும் அது, உங்கள் அப்பா மலையடிவாரத்தில் கௌதாரி சுட்ட காலத்துச் சாமான். கௌதாரியைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, துப்பாக்கி கிளப்பில் குறிக்காக ஆகாயத்தில் வீசும் மண் தட்டுகளை நீங்கள் அதைக் கொண்டு சுட்டீர்கள். என்னையும் கூட்டிப்போனீர்கள். புதரிலிருந்து கௌதாரி எழும்புவதுபோல் தட்டு விருட்டென்று எழும்பும். நான் சுட்டால் தட்டு பத்திரமாகத் தரை சேரும், என் தோள்தான் கன்றிப்போகும்.

"ஒனக்கு ஒடம்பு பத்தாது புள்ள. எடை கொறஞ்சதா ஒண்ணு வாங்கித் தாரேன்" என்பீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், தப்பாகவும் சொன்னீர்கள். உங்கள் உயரத்துக்கு அளவெடுத்த பின்கட்டை என் தோளில் எப்படி உட்காரும்? நீங்கள் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, கிளப்பில் மற்றவர்களுடைய துப்பாக்கிகளை வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இதை உங்களிடம் சொன்னதில்லை. எடை குறைந்தது உதைக்கிற உதை முழுக்கத் தோளுக்கே வருகிறது. கனமானது பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறது.

நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகு உங்கள் தம்பி வந்தார்.

"லைசென்சு கேட்டு எழுதிப் போட்டீகளாமே மதினி. சின்னமனூர்ல என்ன பேசுவாக?"

"பேசட்டும்."

"அண்ணே இருந்தா சம்மதிச்சிருப்பாகளா?"

"மாட்டாக. அவுககிட்டயும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

அதற்குமேல் அவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைசென்சை வாங்கினேன்.

மதுரையில் கடைக்காரர் கேட்காமலே ஒன்றை எடுத்து நீட்டினார். "லேடீஸ் எல்லாம் இதத்தாம்மா வாங்கிட்டுப் போறாக. பூ மாதிரி இருக்கும்."

தூக்குவதற்குப் பூதான். நான் மேலே ஒன்று கீழே ஒன்றாகக் குழல் வைத்ததைக் கேட்டேன். அதிலும் கனமானதைக் கேட்டேன். கண்ணை மூடி, தோளுக்குக் கொண்டுவந்து, அப்புறம் கண்ணைத் திறந்தேன். உங்களுடையதில் இப்படிச் செய்தால் எனக்கு இரும்பின் முதுகுதான் தெரியும், குறி தெரியாது. இதில் ஒற்றைக் கோடாகப் பார்வை ஓடியது. குழல் நுனியிலிருந்த பித்தளைக் குமிழ் நேர் எதிரே நின்றது.

"கை வலிக்கும்மா" என்றார்.

"வலிச்சா என் கைதான வலிக்கும். பில்லப் போடுங்க."

நேற்று முதல் தடவையாக அதைக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். உங்கள் பழைய கூட்டம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றது. முதல் தட்டு தப்பிப்போனது. ஒருவர் தொண்டையைச் செருமினார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த தட்டு ஆகாயத்திலேயே தூள்தூளானது. தோளில் ஒரு வலியும் இல்லை.

சுட்டவுடன் வலது பக்கம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. நேற்றும் திரும்பினேன். அங்கே நீங்கள் இல்லை. தோட்டாவை மாற்றிப் போட்டுக்கொண்டு, அடுத்த தட்டை வீசச் சொல்லி உரக்கக் குரல் கொடுத்தேன்.