நாம் இடம் மாறி உட்கார்ந்த சனிக்கிழமைகள்

தோஸ்த்,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இருமலுக்காக ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டாள். டீசலும் வியர்வையும் மல்லிகைப் பூவும் கலந்த அந்த நெரிசலில் கிராம்பின் காரம் மட்டும் தனியாக எழுந்து வந்தது. நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை என்று தெரிந்தேதான் திரும்பினேன். பஸ் ஆம்பூர் பைபாஸைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் துப்பட்டா முனையில் எப்போதும் நாலைந்து கிராம்பு முடிந்திருக்கும். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தோல் தூசியில் நிற்கிறவளுக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும். கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நீ பேசுகிற பேச்சு முதல் இரண்டு வருஷம் எனக்கு எட்டிக்காயாகக் கசந்தது.

நான் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். நீ செக்கிங்குக்கு. என் பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து அனுப்புவார்கள். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாய். எனக்கு டார்கெட் முடியவேண்டும், உனக்கு ஒரு நூல்கூடப் பிசகக்கூடாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். அதைத் தாண்டி நாம் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. 'அந்தம்மாகிட்ட சொல்லு' என்று நானும், 'அந்த மேடத்துக்குக் கண்ணு தெரியலயான்னு கேளு' என்று நீயும் யாராவது ஒருத்தியை நடுவில் ஓடவிடுவோம். போகிறவள் பயத்தில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வாள். அப்படித்தான் ஒருமுறை நீ இடது காலுக்குச் சொன்னது எனக்கு வலது காலாக வந்து சேர்ந்தது. நல்ல தையலை எல்லாம் பிரித்து மறுபடி தைத்தோம். ஷிப்மென்ட் தள்ளிப்போயிற்று. மேனேஜர் நம் இருவரையும் ஒரே அறையில் நிற்க வைத்துக் கத்தினார். அப்போதும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நமக்குப் பேசக் கற்றுக்கொடுக்க சென்னையிலிருந்து ஒரு நாடகக்காரரை வரவழைத்தார்கள். மாடி ஹாலில் நாற்காலிகளை எல்லாம் ஓரமாகத் தள்ளச் சொன்னார் அவர். எழுதி வைத்த வசனம் கிடையாது, அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் வசனம் என்றார். ஒரே ஒரு விதி: எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் முதலில் 'ஆமா' என்று ஏற்றுக்கொள்ளவேண்டும், அப்புறம் அதன்மேல் நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கவேண்டும். பிறகு உன்னையும் என்னையும் முன்னால் கூப்பிட்டு இடம் மாறச் சொன்னார். நீ நானாக, நான் நீயாக.

நீ துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகினாய். கழுத்தை நீட்டி லைனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குன்னே ஊசிய உடைக்கறீங்களாடி?" என்று என் குரலிலேயே கேட்டாய். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது. விடுவேனா? கன்னத்தை உப்பிக்கொண்டு, கையில் இல்லாத ஷூவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது இன்னா ஷூவா, ஓட்ட வாளியா?" என்றேன். முதலில் சிரித்தது நீதான். ஆனால் விதிப்படி நீ 'ஆமா' சொல்லியாகவேண்டுமே.

"ஆமா, ஓட்டதான்," என்றாய், இன்னும் என் குரலில். "நூலு மட்டம். நாலு நாளா கேக்கறேன், ஸ்டோர்ல மாத்தித் தரல. நான் இன்னா செய்யட்டும்?"

நூலைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஸ்டோருக்கும் லைனுக்கும் அலைவதை எல்லாம் நீ உன் டேபிளில் நின்றபடியே பார்த்திருக்கிறாய். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடைபாதையைத் தாண்டி உன் டேபிளுக்கு வந்தேன். நீ ஒன்றும் கேட்காமல் ஸ்டிக்கர் கட்டுகளை நகர்த்தி இடம் விட்டாய்.

நாடகக்காரர் போனதும் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். நீதான் பிடித்துக்கொண்டாய். சனிக்கிழமை சாப்பாடு முடிந்து பெல் அடிப்பதற்குள் கொஞ்ச நேரம் யாராவது இரண்டு பேரை இடம் மாற்றி விடுவாய். கட்டிங்கில் இருப்பவர் தையல்காரியாவார், பேக்கிங்கில் இருப்பவள் ஸ்டோர்கீப்பராவாள். ஒருநாள் ஒருத்தி, திக்கிப் பேசும் பேக்கிங் அக்காவைப் போலத் திக்கிக் காட்டினாள். சிலர் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் எழுந்துபோய் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். "வேலைய நடிச்சுக் காட்டு. உடம்ப நடிச்சுக் காட்டாத" என்று மட்டும் சொன்னாய். அதோடு அது நின்றது.

என் லைனில் சுமதிக்கு விரலில் ஊசி இறங்கியது அந்த மழைக்காலத்தில்தான். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்க மெஷினில் ஒரு கம்பி உண்டு. அதைக் கழற்றினால் கை வேகமாக ஓடும் என்று பாதி மெஷின்களில் கழற்றியே வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுமதியின் கவனக்குறைவு என்று பேச்சு முடிந்துபோனது. அடுத்த சனிக்கிழமை நீ நேராக மேனேஜர் அறைக்குப் போய் அவரை விளையாட்டுக்குக் கூப்பிட்டாய். வேலை போய்விடும் என்று நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அவரும் பாவம்டி," என்றாய். "ஒருத்தரும் அவருகிட்ட சிரிச்சுப் பேசறதில்ல."

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். நீ அவரைச் சுமதியின் ஸ்டூலில் உட்கார வைத்தாய். சுமதி மேனேஜராக எதிரில் நின்றாள். அவளுக்கு முதலில் குரலே எழும்பவில்லை. பிறகு கட்டுப் போட்ட விரலையே நீட்டி, அவர் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "ஏம்மா, கவனம் எங்க இருக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து மெஷினைப் பார்த்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், கவனம் இல்ல," என்றார். பிறகு சிரிப்பில்லாமல் சேர்த்தார்: "கம்பிய கழட்டினாதான் நீங்க கேக்கற டார்கெட் வருது. அது உங்களுக்கும் தெரியும் சார்."

ஸ்டூலில் இருந்து எழுந்து போகும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மெக்கானிக் வந்து எல்லா மெஷினிலும் கம்பியை மாட்டினார். டார்கெட்டைக் கொஞ்சம்தான் குறைத்தார்கள். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்று மேனேஜரே நம்மிடம் வந்து சொன்னார். அவர் எதையும் நம்மிடம் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

உனக்கு நோய் என்று தெரிந்தபோது அது வெகுதூரம் போயிருந்தது. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருவேன். வருகிறவர்கள் எல்லாரும் சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் எல்லாருக்கும் தலையாட்டினாய். ஒரு ஞாயிறு, உன் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், இடம் மாறலாம் வா என்றாய். இங்கே வேண்டாம் என்றேன். நீ விடவில்லை. உன்னால் எழுந்து உட்கார முடியாது என்பதால், நீ கட்டிலிலும் நான் நாற்காலியிலும் இருந்தபடியே மாறினோம்.

"எப்டிடி இருக்கே?" என்று என்னைப் போலக் கேட்டாய்.

நல்லா இருக்கேன் என்று ஆரம்பித்தேன். நீ பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். பிறகு உன்னைப் போலச் சொன்னேன்: "வலி ஜாஸ்தியா இருக்குது. பொண்ணு முன்னாடி சிரிச்சு சிரிச்சு பேஜாராப் போச்சு. அவ அந்தப் பக்கம் போனாதான் மூச்சு விடறேன்."

நீ மேலே ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஆமா," என்றாய். அது என் குரலா, உன் குரலா என்று எனக்குப் புரியவில்லை. "ஆமா. அவளுக்கும் தெரியுது. அவளும் எனக்காகத்தான் சிரிக்கறா."

அன்று சாயங்காலம் நீ மகளிடம் பேசினாய். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீ போன பிறகு என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளே சொன்னாள், கடைசி வாரங்களில் இருவரும் சேர்ந்து அழுதீர்களாம், அவள் கல்யாணத்தைப் பற்றிச் சண்டைகூடப் போட்டீர்களாம். "அதுக்கு முன்னாடி அம்மா எனக்கு யாரோ மாதிரி இருந்தாங்க ஆன்ட்டி," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது.

சனிக்கிழமைகளை இப்போது நான் நடத்துகிறேன். உன் அளவுக்குச் சிரிக்க வைக்க எனக்கு வராது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு சின்ன மௌனம் வருமே, அந்த இடத்தில் நீ எதுவும் பேசாமல் கிராம்பை மென்றுகொண்டு நிற்பாய். அதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். யாருக்காவது உள்ளே ஒன்று இருந்தால் அப்போதுதான் வெளியே வருகிறது.

போன சனிக்கிழமையும் வந்தது. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் புதுப் பெண், எல்லாரும் கலைந்த பிறகு என் பக்கத்திலேயே நின்றாள். நான் காத்திருந்தேன். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் தனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை, சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இத்தனை நாள் கைக்கணக்கிலேயே தைத்து வந்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா," என்றேன். "எனக்கும் இப்பல்லாம் சரியா தெரியறதில்ல. சாயங்காலம் ரெண்டு பேருமா கண்ணாடிக் கடைக்குப் போய்ட்டு வரலாம், வா."