இஸ்திரி கடைக் கரியில் ஓர் ஆர்க்கிட்

செவ்வாய், இரவு.

மாடியில் குடியிருக்கும் மரியா ஆன்ட்டி பிரான்சுக்குப் போகும்போது என்னை நம்பித் தந்த ஆர்க்கிட் செடியை நானே கொல்லப் பார்த்தேன். செம்மண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளாகவே நேற்று தோண்டிப் பார்த்தேன். வேரெல்லாம் அழுகல். இரண்டு மட்டும் கெட்டியாக இருந்தன. அது மரத்தில் தொற்றி வாழும் செடி, வேருக்குக் காற்று வேண்டும் என்று நூலகப் புத்தகம் சொல்கிறது. நடுவதற்கு முன்பே படித்திருக்கலாம். அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, செடியைக் காயவைத்தேன்.

மண்ணுக்குப் பதிலாகப் போட, இன்று இஸ்திரி கடை அண்ணனிடம் கரி கேட்டேன்.

"செடிக்கு இஸ்திரி போடப் போறியா பாப்பா?" என்று சிரித்தார். ஆனாலும் பெரிய துண்டுகளாகப் பொறுக்கித் தந்தார்.

கரியையும் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் ஓட்டைக் கூடையில் நிரப்பி, செடியை வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

"இனிமே தண்ணி கம்மியா ஊத்து. உன் பாசத்தை அது தாங்கல" என்றாள் அம்மா.

ஆன்ட்டி கார்த்திகை தீபத்துக்கு வந்துவிடுவார். எப்படிச் சொல்வது...

உயிருள்ள வேர் நனைந்தால் பச்சையாகுமாம். பயந்துகொண்டே லேசாகத் தெளித்தேன். வெள்ளையாக இருந்த இரண்டு வேர்களும் மெல்லப் பச்சையாயின. நான் போட்ட சத்தத்தில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

நாளை ஆன்ட்டிக்கு உள்ளதை எழுதிவிடுவேன். வேரின் படத்தையும் சேர்த்து.