பெயர் கிடைக்காத உப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, பானு எழுதுவது. ஜெர்மனியில் நான் நலம். உங்கள் கால்வீக்கம் வடிந்ததா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தம்பி முனியராஜின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, பட்டாசுக் கம்பெனியில் வெடித்து அவனைப் பலிகொண்ட அறையின் சுவரில் பூத்திருந்த வெள்ளை உப்புப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவந்தேன் அல்லவா? அதை இங்கே எங்கள் ஆய்வகத்தில் எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தோம். இதுவரை தெரிந்த எந்தக் கனிமத்தோடும் அதன் அணு அடுக்கு ஒத்துப்போகவில்லை. புதுக் கனிமத்துக்கு ஆள் பெயர் வைக்கலாம். ‘முனியராஜைட்’ என்று மனதுக்குள் சொல்லிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஆனால் இயற்கையில் தானாக உண்டானால்தான் அது கனிமமாம். மனிதர் கலந்த மருந்து வெடித்து உண்டானதற்குப் பெயர் கிடையாது என்றார் பேராசிரியர். நம் ஊர்ப்பக்கம் வெம்பக்கோட்டைப் பாறையில் எடுத்தேன் என்று எழுதியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். அப்படிப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தம்பியின் போர்வை சும்மாதானே கிடக்கும், அனுப்பிவையுங்கள். இங்கே குளிர் அதிகம். துவைக்க வேண்டாம்.

கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்து உங்களிடம், “இடி விழுந்துதான் வெடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சீனிச்சாமி, வேண்டியதச் செஞ்சு தாரோம்” என்றாராமே, அம்மா சொன்னாள். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. நம் ஊரையே பார்த்திராத பேராசிரியர், அது மனிதர் கையால் உண்டானது என்று சொல்லிவிட்டார். நீங்கள் இடி என்று சொல்லிவிடாதீர்கள், அப்பா.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள்.

உங்கள் பானு