சஹனில் உன் பக்கம்

தம்மாம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பதுருன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் உம்மாவுக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல சொன்னா பாதியிலேயே அழுதிடுவே, அதான் ஊருக்கு வார அம்ஜத் கையில இதைக் கொடுத்து விடுதேன்.

போன வாரம் வயிறு உப்பி நெஞ்சை அடைச்சது. வாயுதான்னு சொல்லிட்டுப் படுத்த உன் வாப்பா எழுந்திருக்கவே இல்லையே. அதை நெனச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். இசிஜி எடுத்தாங்க. நெஞ்சுல ஒண்ணுமில்ல, நெசமாவே வாயுதான்.

எப்படிச் சாப்பிடுதீங்கன்னு டாக்டர் கேட்டார். போனைப் பார்த்துக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவேன்னேன். சோத்தோட காத்தையும் முழுங்குதீங்க, மென்னு மெதுவாச் சாப்பிடுங்க, சோடாவை விடுங்க, சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கன்னார்.

வீட்ல ஒரே சஹன் தட்டுல எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டப்ப எனக்கு இந்தத் தொந்தரவு வந்ததே இல்ல. நீ மெதுவாச் சாப்பிடுவே, உன் பக்கம் கை போயிடக் கூடாதுன்னு நானும் மெதுவாச் சாப்பிடுவேன். இப்ப நீ எதிர்ல இருக்கிறதா நெனச்சு, தட்டுல என் பக்கத்தை மட்டும் நிதானமாச் சாப்பிடுதேன். வயிறு தேவலை.

அம்ஜத் திரும்பி வரும்போது வறுத்த ஓமமும் சுக்குப்பொடியும் கொடுத்து விடு. நம்ம சின்ன சஹனையும் பழைய துணியில சுத்திக் கொடு.

அம்ஜத்துக்கு வண்டி வந்துட்டு, நிறுத்துதேன். உன் பக்கத்துச் சோத்தையும் கடைசியில நான்தான் சாப்பிட வேண்டியிருக்கு. அதை மட்டும் மெதுவாச் சாப்பிட முடியல.

சாலிஹ்