செல்விக்கு எடுத்து வைத்தது

என் செல்விக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. வீட்டு விஷயத்தைப் பேப்பரில் எழுதக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள் தங்கச்சி. இதைக் குடும்பத்துக்குள் மட்டும் சொல்லி வைக்க மனம் வரவில்லை.

நீ டேப்லெட்டில் பொருள் பார்ப்பாயே, அந்த இணையக் கடையில் ஓர் இதயக் குறி இருக்கும். பிடித்த பொருளின் மேல் அதைத் தட்டினால் உன் பட்டியலில் போய் உட்காரும். அந்தப் பட்டியலைப் புதிதாக மாற்றி அமைத்துவிட்டார்கள். மாற்றிய குழுவில் உன் மகள் கவிதாவும் இருந்தாள். போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புதியது வந்தது.

அந்தக் குறிக்குப் பக்கத்தில் மலாயில் 'சிம்பான்', அதாவது எடுத்து வை என்று எழுதியிருக்கும். நீ அதை உன் வழியில் படித்தாய். தெங்கேராவில் நீ வழக்கமாகப் போகும் ஜவுளிக்கடையில், "இத எடுத்து வைங்க, புதன்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்பாய். கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் உன் பெயரை எழுதிச் சேலையில் குத்தி மேல்தட்டில் வைப்பார். அதற்கப்புறம் அந்தச் சேலையை வேறு யாருக்கும் காட்ட மாட்டார். நீயும் சொன்ன புதன்கிழமை தவறியதில்லை.

இணையக் கடையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பாயா ரும்புட் வீட்டில் நீ பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"விட்டுக் குடுக்கிறேண்ணே. இந்தக் குக்கர நான் வாங்கப் போறதில்ல. என் பேர்ல வச்சிட்டு அவன் எத்தன நாளைக்குக் காத்திருப்பான், பாவம். வேற யாராச்சும் வாங்கட்டும்லா."

நான் சிரித்தேன். திருத்தவில்லை. மறுநாள் அலுவலகத்தில் தேநீர் மேசையில் அதைச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நிருபர் வேலை பார்த்தவன் நான். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால்கூட அச்சகத்துக்குப் போன் போடுவேன். உன்னிடம் மட்டும் ஏன் பேசாமல் இருந்தேன்?

எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்த பிறகு உன் பட்டியலில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பச்சை நிறச் சைக்கிள். முன்னால் பின்னல் கூடை, பழுப்பு இருக்கை. கையுறைத் தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்ததும் அதை வாங்கிப் பசாருக்கு ஓட்டிப் போவதாகச் சொன்னாய்.

"இந்த வயசுல சைக்கிளா? கீழ விழுந்து இடுப்ப ஒடச்சுக்கவா?"

"அப்பவும் இதத்தான் சொன்னீங்க," என்றாய்.

'அப்ப' என்றால் எது என்று எனக்குத் தெரியும். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது அப்பா வாங்கியது ஒரே சைக்கிள். பள்ளிக்கு நான் ஓட்டுவேன், நீ பின்னால் உட்கார்ந்து வருவாய். ஓட்டிப் பார்க்கிறேன் என்று நீ பலமுறை கேட்டாய். விழுந்துவிடுவாய் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். உண்மையில் சைக்கிளைக் கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறுநாள் நீ வாங்கப் போனாய். 'ஸ்டாக் ஹாபிஸ்', சரக்கு தீர்ந்துவிட்டது என்று வந்தது. எனக்குப் போன் செய்தாய்.

"அண்ணே, எனக்கு எடுத்து வச்சத யாருக்கோ குடுத்துட்டாங்க."

அன்றைக்குத்தான் விளக்கினேன். இதயத்தைத் தட்டுவது வெறும் ஞாபகக் குறிப்பு, அதைப் பார்த்துக் கடையில் யாரும் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை என்றேன். நீ கேட்டாய்:

"அப்ப இத்தன நாளா எனக்குன்னு யாருமே வச்சிருக்கலையா?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. வேறு சைக்கிள் பார்க்கலாம் என்று கவிதா சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாய். ஆனால் அந்தச் சைக்கிளைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் இல்லை. படம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகக் கிடந்தது. ஏழாவது வாரம் நீ குளியலறையில் மயங்கி விழுந்தாய். அப்புறம் கண் திறக்கவில்லை.

இனி கிடைக்காத பொருளெல்லாம் புதிய பட்டியலில் இருக்காது என்று முடிவாயிற்று. கவிதா கூட்டத்தில் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். உன் பெயரைச் சொல்லாமல் உன் கதையைச் சொல்லியிருக்கிறாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விற்க முடியாததை எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தப்பில்லை. அது கடைதானே.

"ஒன்னே ஒன்னுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க மாமா," என்றாள் கவிதா. "பட்டனுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி. சேமிச்சா பொருள ஒதுக்கி வச்சதா அர்த்தமில்லன்னு. அம்மா மாதிரி இன்னொருத்தவங்க ஏமாறக் கூடாதுல்ல."

"நல்லதுதானே."

"என்ன நல்லது மாமா. அத யாரும் படிக்க மாட்டாங்க."

பிறகு அழுதாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை உன் டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்குச் சைக்கிள் இருந்தது. பத்து மணி தாண்டித் திரும்பத் திறந்தேன். ஒரு காலிப் பெட்டியின் படம், அதன் கீழே, 'நீங்கள் இன்னும் எதையும் சேமிக்கவில்லை' என்ற பொருளில் ஒரு வாசகம்.

அது தவறான தகவல், செல்வி. நீ சேமித்தாய். பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இந்த வாசகத்துக்குத் திருத்தம் கேட்டு யாரிடம் போவது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதனால் எதுவும் திரும்பி வராது. அந்தச் சைக்கிளை இப்போது யாரும் செய்வதில்லையாம். செய்தாலும் ஓட்ட நீ இல்லை.

அது மறைவதற்கு முன் என் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்: நிறம், கூடை, இருக்கை, சக்கர அளவு. பக்கத்தின் மேல் ஒரு துண்டுத் தாள் குத்தி 'செல்வி' என்று எழுதியிருக்கிறேன். நான் இருக்கும் வரை அந்தத் தாளை எடுக்க மாட்டேன். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசி வரை உன்னைப் பின்னாலேயே உட்கார வைத்த
உன் அண்ணன்