உள்ளங்கையின் நிறம்

காஜா பேராங், மலாக்கா
12-11-1957

நாச்சியம்மைக்கு,

நான் சுகம். நீ, ஆத்தா, நான் இன்னும் பார்க்காத சின்னவன் எல்லாரும் சுகம்தானே?

இந்நாட்டுச் சுதந்திரத்துக்கான மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்ததும், பரம்பரை ரத்தத்தை ஆராயும் டாக்டர் ஒருவர் இங்கே வந்தார். எனக்கும் ரத்தம் எடுத்தார். எறும்பு கடித்த மாதிரிதான். என் ரத்தத்தில் பிறவிக்குறை இருக்கிறதாம். என்னை ஒன்றும் செய்யாதாம். தாய் தகப்பன் இருவருக்கும் அது இருந்தால், பிள்ளைக்கு ரத்தம் ஊறாமலே போகலாமாம். நீ என் அம்மான் மகள் என்றேன். ஒரே வம்சம் என்பதால் உனக்கும் இருக்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

மூத்தவன் உள்ளங்கையெல்லாம் வெளுத்துச் செத்தது உன் கவனக்குறைவால் அல்ல. ஆத்தா இனி அப்படிச் சொன்னால் இதைப் படித்துக்காட்டு.

கப்பலேறும் யாரிடமாவது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

தபாலுக்கு ஆள் கிளம்புகிறான். சின்னவனின் உள்ளங்கை சிவப்பாக இருக்கிறதா என்று உடனே எழுது.

வைரவன்