மாப்பிள்ளையின் விக்கல்

ஜூன் 4

பெட்டி இன்று பேசிவிட்டது! பொத்தானை அழுத்தியதும் நான்கு கண்ணாடி வால்வுகளும் மெல்லச் சிவந்தன. கிட்டாரைச் செருகி ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன், சாப்பாட்டு மேசை அதிர்ந்தது. என் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர். தனியாக நின்று சிரித்தேன்.

கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகுதான் கவனித்தேன். டிக். கொஞ்சம் அமைதி. மறுபடியும் டிக்.

உள் அறையிலிருந்து அம்மா, "என்னடி, மாப்பிள்ளைக்கு விக்கலா?" என்றாள். எனக்கு வரன் தேடி அலுத்துப்போன பிறகு இந்தப் பெட்டிக்கு அம்மா வைத்த பெயர் அது.

ஜூன் 5

வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். டிக்.

ஜூன் 9

பற்றவைத்த இடம் எங்காவது விட்டிருக்கலாம். பெட்டி ஓடும்போதே தட்டிப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே ஓடுவது ஆளையே தூக்கி அடிக்கும் மின்சாரம், அதனால் மரக்கரண்டியின் காம்பால் தட்டினேன். எல்லாம் உறுதியாக இருக்கிறது. "அந்தக் கரண்டியாலயே எனக்குச் சமைச்சுப் போட்டுடாதே" என்றாள் அம்மா.

பாட்டுக்காரி போன் செய்தாள். கல்லூரியிலிருந்து பழக்கம், இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் ஊர் ஊராகக் கச்சேரியாம். பெட்டியின் விக்கலையும் சொன்னேன். "நீயும் வா, உன் பெட்டியும் வரட்டும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவின் நுரையீரல் தானாக வேலை செய்வதில்லை. கட்டிலோரத்து ஆக்சிஜன் மிஷினிலிருந்து மூக்கு வரை ஒரு குழாய். கழிப்பறை வரைக்கும் போகும், சமையலறைக்கு எட்டாது. குழாய் அவள் மூக்கில்தான், ஆனால் கட்டிப்போட்டிருப்பது இரண்டு பேரையும்.

ஜூன் 10

வெளிநாட்டிலிருந்து அண்ணன். கச்சேரி விஷயத்தைச் சொன்னேன். "நீ அங்க இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இங்க தூங்கறேன்" என்றான். நான் எந்த தைரியத்தில் தூங்குவது? அதைக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன். ஒரே ஒரு மாசம்டா. வந்து உட்கார்ந்தா உன் குடியா முழுகிப்போயிடும்?

ஜூன் 15

கெப்பாசிட்டர் எல்லாம் புதிது. எர்த் கம்பி புதிது. டிக். தூக்கிக் குப்பையில் போட்டால் என்ன?

ஜூன் 19

நர்ஸ் ஒருத்தி கிடைத்திருக்கிறாள், இரவும் பகலும் தங்குவாளாம். பாட்டுக்காரியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மூன்று தடவை துணி அடுக்கிக் கலைத்துவிட்டேன். பயம் இல்லை, சந்தோஷம்தான்.

ஜூன் 21, ஞாயிறு

மிஷினின் தூசிவலையைக் கழுவும் நாள். அது காயும்வரை அம்மாவுக்கு சிலிண்டர். சும்மா இருப்பானேன் என்று பெட்டியைப் போட்டேன்.

டிக் இல்லை.

வலை காய்ந்ததும் மிஷினை ஓடவிட்டேன். டிக். மிஷினில் காதை வைத்தேன். உள்ளே ஏதோ திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் அதே டிக். மின்கம்பி வழியாக என் பெட்டிக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு பழுதும் இல்லாத பெட்டியை இத்தனை நாளாக அறுத்து ஒட்டியிருக்கிறேன்!

இரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கும் சத்தம். எனக்குக் கேட்பதே நின்று போயிருக்கிறது. அதை நினைத்தால்தான் என்னவோ செய்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ விக்கல் மாப்பிள்ளைக்கு இல்ல, எனக்குத்தான்" என்றாள்.

"உனக்கில்லம்மா, மிஷினுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானேடி."

ஜூன் 25

மின்கம்பியில் வரும் இரைச்சலைத் தடுக்க ஒரு சின்ன டப்பா விற்கிறார்கள். வாங்கி வந்துவிட்டேன். நாளைக்குப் பொருத்தினால் முடிந்தது.

ஜூன் 26

பொருத்துவதற்கு முன் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் டிக் நின்றுபோனது. ஏன் என்று நினைக்கவே இல்லை. அவ்வளவு சுத்தமான ஒலி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு வாசித்தேன். இரண்டு பாட்டு! பிறகுதான் உறைத்தது. டிக் ஏன் இல்ல?

ஓடினேன். அம்மாவின் கை மிஷினின் பொத்தான் மேல். உதடு நீலம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "நிறுத்தாதடி... நல்லாருக்கு."

டாக்டர் வந்து பார்த்துவிட்டார், இப்போது பரவாயில்லை. ஏம்மா இப்படிப் பண்ணே, ஏம்மா என்று கத்தினேன். "ஒரு பாட்டுக்குத் தாங்கிடுவேன்னு நெனச்சேன். நீ ரெண்டு வாசிச்சுட்டே" என்கிறாள், கேலியாக.

நான் ரசிச்சு வாசிச்சேனே. அம்மா மூச்சு முட்டிக் கிடக்கும்போது நான் ரசிச்சேனே.

ஜூன் 27

வரவில்லை என்று பாட்டுக்காரியிடம் சொல்லியாகிவிட்டது. நர்ஸையும் வேண்டாம் என்றேன். "என்னைச் சாக்கு வெக்காத, கெளம்பு" என்று அம்மா ஒரே சண்டை. அம்மாவின் கை எப்போது அந்தப் பொத்தானுக்குப் போகும் என்று நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

டப்பாவைப் பொருத்தவில்லை. டிக் கேட்கும்வரை வாசிக்கலாம்.

ஜூலை 8

பாட்டுக்காரி வந்தாள், எனக்குப் பதிலாக வாசிக்கப்போகும் கிட்டார்காரரோடு. அவரிடம் நல்ல ஆம்ப்ளிஃபயர் இல்லையாம். இதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நானே சொன்னேன். என் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றினேன்.

"மாப்பிள்ளை ஓடிப்போயிட்டாரா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

ஜூலை 11

மத்தியானம் பாட்டுக்காரி போன் செய்தாள். முதல் கச்சேரி நேற்று முடிந்ததாம். "அந்த விக்கல் வரவே இல்லடி! என்ன பண்ணே?"

ஒன்றும் பண்ணவில்லை என்றேன். உண்மைதான். டப்பா பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பெட்டி இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தூங்குகிறாள். அவள் அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, பெட்டியும் இல்லை. ஆனாலும் இப்போது கேட்கிறது. டிக்.